கூட்டுறவுச் சங்கம் யாருடைய பணத்தில் நடக்கிறது?

காவிரிப் படுகையில் இருக்கும் எங்கள் ஊரில், கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனுக்குக் கெடு நெருங்கும் வாரங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். உரிய நாளுக்குள் கடனைக் கட்டிவிட்டால் வட்டி கிடையாது என்பது 2009 முதல் தமிழ்நாட்டில் இருந்துவரும் சலுகை. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். ஆனால் நெல் விற்ற பணம் அதற்குள் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கல்யாண மொய் என்று கரைந்துபோயிருக்கும். ஆகவே விவசாயி ஊரில் வட்டிக்கு விடுபவரிடம் போய், லட்சத்துக்கு இவ்வளவு என்று பேசி, சில நாளைக்கு மட்டும் பணம் வாங்கி வருவார். அதைக் கொண்டு சங்கத்தில் பழைய கடனை அடைப்பார். பிறகு அதே அளவுக்குப் புதுக்கடன் அவர் கணக்கில் ஏறியதும் எடுத்துப் போய் வட்டிக்காரரிடம் கொடுத்துவிடுவார். சங்கத்து ஏட்டில் கடன் முழுவதும் வசூலாகியிருக்கும். அரசின் கணக்கில் வட்டியில்லாக் கடன் இன்னொரு விவசாயிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். விவசாயியின் கையில் மட்டும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நடுவில் நிச்சயமாகச் சம்பாதித்தவர் வட்டிக்காரர் ஒருவர்தான். அவரிடமிருந்து விவசாயியை விடுவிப்பதற்காகத்தான் 120 ஆண்டுகளுக்கு முன்பு இந்த நாட்டில் கூட்டுறவுச் சங்கம் என்ற ஏற்பாடே கொண்டுவரப்பட்டது.

இந்தச் சுற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பழி இரண்டு பேரில் ஒருவர் மீது விழுகிறது: கடனை நாணயமாகக் கட்டாத விவசாயி, அல்லது கண்டும் காணாமல் இருக்கும் சங்க ஊழியர். இருவரையும் பல ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. சங்கத்தின் பெட்டிக்குள் இருப்பது யாருடைய பணம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், விவசாயி ஏன் அப்படி நடந்துகொள்கிறார், ஊழியர் ஏன் அதற்கு உடன்படுகிறார், அரசு ஏன் அதைத் தெரிந்தே அனுமதிக்கிறது என்ற மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கிறது. அந்த விடையைத் தேடுவதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1875-இல் புனே, அகமதுநகர் மாவட்டங்களில் விவசாயிகள் வட்டிக்கடைக்காரர்களின் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைத் தேடி எடுத்துக் கொளுத்தினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஏறிய பருத்தி விலை போர் முடிந்ததும் சரிய, ஏறிய விலையை நம்பி வாங்கிய கடன்கள் தலைக்கு மேல் நின்ற காலம் அது. தக்காணக் கலவரம் என்று வரலாறு குறிப்பிடும் அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, கிராமக் கடன் என்பது அமைதியைக் குலைக்கக்கூடிய பிரச்சினை என்பதை ஆங்கிலேய அரசு உணர்ந்தது. 1883-லும் 1884-லும் சட்டங்கள் செய்து, தக்காவி என்ற பெயரில் விவசாயிகளுக்கு நேரடியாக அரசுக் கடன் கொடுத்துப் பார்த்தது. வருவாய்த்துறையின் படிகளில் ஏறி இறங்கி வாங்கவேண்டிய அந்தக் கடன், நடவு முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. கட்டவேண்டிய நேரத்தில் மட்டும் நிலவரி போலக் கறாராக வசூலிக்கப்பட்டது. விவசாயிகள் வட்டிக்காரரிடமே திரும்பிப் போனார்கள்.

சென்னை மாகாண அரசு 1892-இல் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அழைத்து, ஐரோப்பாவில் விவசாய வங்கிகள் எப்படி நடக்கின்றன என்று ஆராயச் சொன்னது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் என்பதால் தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரம் அவருக்குப் புதிதில்லை. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு போன்ற நிதிகளையும், ஊர்தோறும் நடந்த சீட்டுகளையும் அவர் அறிந்திருந்தார். சேர்ந்து சேமிக்கும் பழக்கத்தை இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுத்தரத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக வெளிவந்த அவருடைய விரிவான அறிக்கை, ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்ற ஒரு பரிந்துரையில் வந்து முடிந்தது. ஒரு முறையையோ சட்டத்தையோ அவர் தேடச் சொல்லவில்லை, ஒரு மனிதரைத் தேடச் சொன்னார் என்பதைக் கவனிக்கவேண்டும். ஊருக்குள்ளேயே இருந்து, ஊராரின் நம்பிக்கையைப் பெற்று, சம்பளம் வாங்காமல் கணக்குப் பார்க்கக்கூடிய ஒருவர் கிடைத்தால் வேலை நடக்கும் என்பது அவர் கண்டறிந்த முடிவு என்று நான் படிக்கிறேன்.

ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் ஜெர்மனியின் ரைன் பகுதியில் சிறிய ஊர்களுக்கு மேயராக இருந்தவர். 1846-47 பஞ்சத்தின்போது வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். ஆனால் வசதியுள்ளவர்களின் தயவில் நடக்கும் சங்கம் அவர்களுடைய ஆர்வம் குறையும்போது நின்றுவிடும் என்பதை அனுபவத்தில் கண்டு, 1864-இல் ஹெடெஸ்டோர்ஃப் என்ற ஊரில் தேவையுள்ளவர்களே உறுப்பினர்களாக இருக்கும் கடன் சங்கத்தை அமைத்தார். ஒரு சங்கத்துக்கு ஒரு சிறிய ஊர்தான் எல்லை. உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கடன். கணக்கரைத் தவிர நிர்வாகிகள் யாருக்கும் சம்பளம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வரம்பற்ற பொறுப்பு.

இந்தக் கடைசி விதியைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. நான் ஒரு சங்கத்தில் உறுப்பினர். என் பங்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சங்கம் நொடித்துப்போனால் இன்றைய விதிப்படி எனக்கு அந்தப் 10 ரூபாயோடு நஷ்டம் முடிந்தது. ரைஃபைசன் விதிப்படி அது முடியாது. என் மாடு, என் வீடு, என் நிலம் எல்லாம் சங்கத்தின் கடனுக்குப் பதில் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் விதைக்கு என்று வாங்கிய கடனைக் குடித்துத் தீர்த்தால் நட்டம் என் வீட்டு வாசலுக்கு வரும். ஆகவே அவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று குழு கேட்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன். கொடுத்தபின், அவர் விதை வாங்கினாரா என்று போய்ப் பார்ப்பேன். வெளியூர் வங்கி எத்தனை அதிகாரிகளை வைத்தாலும் செய்யமுடியாத கண்காணிப்பை, ஊரார் காலாற நடந்துபோகும்போது செய்துவிடுவார்கள். சொத்து இல்லாதவருக்கும் கடன் கிடைத்ததற்குக் காரணம், அவரை அறிந்தவர்கள் அவருக்காகத் தங்கள் சொத்தை ஈடாக நிறுத்தியதுதான்.

1904 மார்ச்சில் நிறைவேறிய கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் இந்த விதிகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரே ஊரையோ ஒரே சாதியையோ சேர்ந்த 10 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம், கிராமச் சங்கத்தில் ஐந்தில் நான்கு பங்கினர் விவசாயிகளாக இருக்கவேண்டும், பொறுப்பு வரம்பற்றது. அந்த ஆண்டே திருவள்ளூர் பக்கம் செவ்வாப்பேட்டைக்கு அருகில் உள்ள திரூரில் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. இரண்டும் இந்தியாவில் அந்தந்த வகையில் முதலாவது என்று குறிப்பிடப்படுபவை. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னைத் திருவல்லிக்கேணியில் 14 பேர் சேர்ந்து, கலப்படமில்லாத மளிகையை நியாய விலையில் வாங்குவதற்காக ஒரு பண்டகசாலையை ஏற்படுத்தியிருந்தார்கள். முன்நின்றவர்களில் ஒருவர், அப்போது இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. டி.யு.சி.எஸ். (திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்) என்ற பெயரில் பிறகு சென்னையின் பல தெருக்களுக்குப் பரவிய அந்தக் கடையின் தொடக்கம், சம்பளக்காரக் குடும்பங்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டதுதான்.

அரசு அந்நாளில் பணம் கொடுக்கவே இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் கொடுத்த விதத்தில் ஓர் அறிவு இருந்தது. கிராமச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் எவ்வளவு வைப்புத் தொகை திரட்டியதோ, அதற்குச் சமமாக, 2,000 ரூபாய்க்கு மேற்படாமல், முதல் மூன்று ஆண்டுகளுக்கு வட்டியில்லாமல் அரசு கடன் கொடுக்கும் என்பது ஏற்பாடு. நீ சேர்த்தால் நான் சேர்ப்பேன் என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்; பின்னால் தலைகீழாகப் போனது இதுதான்.

ஏட்டில் இருந்த விதிகள் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இறங்கியபோது ஒரு பெரிய தடையில் முட்டின. ரைஃபைசனின் ஊரிலும் ஏழை, பணக்காரர் உண்டு. ஆனால் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வதை அவருடைய முறை எதிர்பார்த்தது. நம் ஊரில் ஊர் வேறு, சேரி வேறு. ஒருவரை ஒருவர் அறிவது என்பதே சாதியின் வழியாக நடந்தது. நிலக்கிழார் தன் பண்ணையாளின் கடனுக்குத் தன் நிலத்தைப் பொறுப்பாக்க மாட்டார்; பண்ணையாள் கடனற்றவராவதே அவருடைய பண்ணைக்கு இடைஞ்சல். ஆகவே வரம்பற்ற பொறுப்பு, நிலம் உள்ளவர்களுக்கு உள்ளே மட்டும் பகிர்ந்துகொள்ளப்பட்டது. 1920-க்குப் பிறகு சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தனிக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, அவர்கள் குடியிருப்பதற்கு வீட்டுமனை வாங்கவும், அதற்கான தொகையைத் தவணையில் கட்டவும் வழி செய்தது. தன் குடிசை நிற்கும் மண் நிலக்கிழாருக்குச் சொந்தமாக இருக்கும்வரை கூலி உயர்வு கேட்க முடியாத நிலையில், மனைக்காக ஒரு சங்கம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊர்ச் சங்கம் கதவைத் திறக்காததால்தான் அப்படித் தனிச் சங்கம் தேவைப்பட்டது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லியாகவேண்டும். சமுதாயப் பொருளாதார வளர்ச்சி என்று இன்று நாம் தாராளமாகப் பயன்படுத்தும் சொல்லில், சமுதாயம் என்பது யார் யாரைக் குறிக்கிறது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஐரோப்பாவில் முதலில் சங்கங்கள் தோன்றின, அவற்றுக்காகப் பிறகு சட்டம் வந்தது. இங்கே முதலில் சட்டம் வந்தது, சட்டத்தின்படி பதிவாளர் என்ற அதிகாரி வந்தார், அவர் ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களை உண்டாக்கினார். சென்னை மாகாணத்தின் முதல் பதிவாளர் பி. ராஜகோபாலாச்சாரி. பதிவாளர் என்பவர் ஆசிரியரைப் போல இருந்து, சங்கங்கள் தம் காலில் நிற்கத் தொடங்கியதும் விலகிக்கொள்ளவேண்டும் என்பதுதான் சட்டம் செய்தவர்கள் சொன்ன நோக்கம். விலகிக்கொள்ளும் நாள் மட்டும் வரவில்லை. 1930-களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து, கடன்கள் தேங்கி, ஏராளமான சங்கங்கள் கலைக்கப்பட்டபோது, பதிவாளரின் கை இன்னும் தேவை என்ற எண்ணமே வலுப்பட்டது.

விடுதலைக்குப் பிறகு ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, 1951-52 நிலவரத்தை அளந்தது. விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 விழுக்காடு, வட்டிக்கு விடுபவர்கள் கொடுத்தது ஏறக்குறைய 70 விழுக்காடு. ஐம்பது ஆண்டு உழைப்புக்கு இதுதான் பலன் என்று கண்டபின், 1954-இல் அந்த ஆய்வை வழிநடத்திய கோர்வாலா குழு, கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் வெற்றி பெற்றே ஆகவேண்டும் என்று முடிவு சொன்னது. வெற்றிக்கு அது காட்டிய வழி, அரசே சங்கங்களில் பங்குதாரராகச் சேர்வது. அன்றைய நிலையில் அதை ஒரேயடியாகத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். வட்டிக்காரரும் நிலக்கிழாரும் வியாபாரியும் ஒரே ஆளாக இருந்த ஊர்களில், அவரை எதிர்த்து நிற்கும் பலம் ஏழை விவசாயிகளின் நாலணா சேமிப்புக்குத் தனியாகக் கிடையாது என்று அந்தக் குழு கண்டது சரியான கணிப்புதான். ஆனால் அரசின் பங்கு மூலதனம் உள்ளே வந்ததும், அதைக் காக்க அரசின் நியமன இயக்குநர்கள் வந்தார்கள். சிறிய ஊர்ச் சங்கங்கள் லாபகரமாக இருக்காது என்று பல ஊர்களைச் சேர்த்துப் பெரிய சங்கங்கள் ஆயின. வரம்பற்ற பொறுப்பு போய் வரம்புக்குட்பட்ட பொறுப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் விதைக்கடனைப் பற்றி நான் கவலைப்படவேண்டிய காரணம் அத்தோடு முடிந்தது.

இன்று தமிழ்நாட்டில் 4,400-க்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பணம் எப்படி வருகிறது என்று பார்த்தால், வேளாண்மைக்கான தேசிய வங்கியான நபார்டிலிருந்து மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கிக்கும், அங்கிருந்து மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும், அங்கிருந்து ஊர்ச் சங்கத்துக்கும் இறங்கி வருகிறது. உறுப்பினரின் பங்கு என்பது பெரும்பாலும் அவர் வாங்கும் கடனிலிருந்தே பிடித்துக்கொள்ளப்படும் தொகை; அதை அவர் முதலீடாக நினைப்பதில்லை, கடனுக்கான செலவுகளில் ஒன்றாக நினைக்கிறார். தன்னிடம் உபரியாக இருக்கும் பணத்தை அவர் தபால் நிலையத்திலோ வேறு வங்கியிலோ போடுகிறார். ஆகவே அவரைப் பொறுத்தவரை சங்கம் என்பது பணம் வாங்கும் இடம் மட்டுமே. வாங்குகிறவர்கள் மட்டுமே உறுப்பினர்களாக உள்ள ஓர் அமைப்பில், கடன் திரும்பி வரவேண்டும் என்று உள்ளுக்குள் கவலைப்பட ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இதைச் சொன்னவர்களில் முக்கியமானவர், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பொருளியல் அறிஞர் அ. வைத்தியநாதன். மத்திய அரசு 2004-இல் அவர் தலைமையில் அமைத்த குழு, கூட்டுறவுக் கடன் அமைப்பு கடன் வாங்குவோரின் நலனையே சுற்றி இயங்குவதையும், அரசே பங்குதாரர், நிர்வாகி, கண்காணிப்பாளர், தணிக்கையாளர் ஆகிய எல்லாப் பாத்திரங்களையும் ஏற்றிருப்பதையும் நோயின் வேராகக் காட்டியது. அரசின் பங்கு 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, வைப்புத் தொகை போடுபவர்களுக்கும் வாக்குரிமையுள்ள முழு உறுப்பினர் தகுதி தரவேண்டும் என்பவை அது சொன்னவற்றில் சில. அந்தப் பரிந்துரைகளோடு சேர்த்து மத்திய அரசு அறிவித்த 13,596 கோடி ரூபாய் மறுசீரமைப்புத் தொகையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள்; வைப்புதாரரின் வாக்குரிமையைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

தமிழ்நாட்டின் 1983 கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் அதிகாரிக்குக் கொடுக்கும் இடம் மிகப் பெரியது. துறையில் புழங்குகிறவர்கள் 81 விசாரணை, 87 தண்டத்தீர்வை (சங்கத்துக்கு நேர்ந்த இழப்பை அதற்குக் காரணமானவரிடம் வசூலிப்பது) என்று பிரிவு எண்களையே பெயர்களாகச் சொல்லும் அளவுக்கு, அந்தச் சட்டத்தின் கண்காணிப்புப் பிரிவுகள் அன்றாடப் பேச்சில் கலந்திருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டுத் தனி அலுவலரை நியமிக்கலாம். 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டுக் காலம் 2023-இல் முடிந்ததும், சங்கங்கள் மறுபடியும் தனி அலுவலர் கைக்குத்தான் போயின. தேர்தல் நடக்கும்போதும் கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் காட்டி, தனி அலுவலரே மேல் என்று சொல்லும் விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய சலிப்பு எனக்குப் புரிகிறது, முடிவை ஏற்கமுடியவில்லை. தனி அலுவலர் ஒருவர் ஒரே சமயத்தில் பல சங்கங்களைப் பார்க்கிறார். யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தவை, நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்று காட்டும் சிட்டாவும் அடங்கலும். அவை இருந்தால் கடன் உண்டு. வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் எடுத்து உண்மையில் சாகுபடி செய்கிறவரிடம் அந்தக் காகிதங்கள் இருக்காது. கணவன் பெயரில் உள்ள நிலத்தில் உழைக்கும் பெண்ணிடமும் இருக்காது. மாடும் மனையும் இல்லாதவருக்குக்கூட அவரை அறிந்தவர்களின் பேச்சை நம்பிக் கடன் கொடுப்பதற்காக ஏற்பட்ட சங்கம், காகிதம் இல்லாத பயிர்க்காரரைத் திருப்பி அனுப்புகிறது.

காகிதத்தைவிட எளிதான ஈடு ஒன்று உண்டு. எங்கள் சங்கத்தில் காலை பத்து மணிக்கு மேல் நீங்கள் போனால், பயிர்க்கடன் மேசையைவிட நகைக்கடன் மேசையின் முன்தான் கூட்டம் இருக்கும். நகை மதிப்பீட்டாளர் ஜன்னலோரம் உட்கார்ந்து, சங்கிலியை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, துளி அமிலம் விட்டு, கோட்டின் நிறம் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். தராசில் எடை, கல்லுக்குக் கழிவு, எழுதிய சீட்டோடு நகை சிறு பையில் போய், முத்திரை விழுந்து, இரும்புப் பெட்டிக்குள் போகும். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த அரைமணியில் அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை, தங்கம் பேசிவிட்டது. அவசரத்துக்கு ஆகும் இந்தக் கடனை நான் குறைத்துச் சொல்லவில்லை; அடகுக்கடை வட்டியிலிருந்து எத்தனையோ குடும்பங்களை இது காத்திருக்கிறது. ஆனால் அண்டை வீட்டாரின் நம்பிக்கை ஈடாக இருந்த இடத்தில் நில ஆவணம் வந்து, நில ஆவணம் இருந்த இடத்தில் தங்கம் வந்து உட்கார்ந்தபின், அந்தக் கட்டடத்தில் கூட்டுறவு என்று சொல்ல எது மிச்சம் இருக்கிறது என்று அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

கடன் தள்ளுபடிகளையும் இந்த வரிசையில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். தமிழ்நாட்டில் 2006-இல் சுமார் 7,000 கோடி ரூபாய், 2016-இல் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி ரூபாய், 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் என்று கூட்டுறவுக் கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. 2021 தேர்தலுக்குப் பிறகு 5 பவுன் வரையிலான நகைக்கடன்களும் தள்ளுபடியாயின. மூன்று பயிர்க்கடன் தள்ளுபடிகளும் சட்டமன்றத் தேர்தலை ஒட்டியே வந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளில், நட்ட பயிர் கண்முன்னே கருகிய குடும்பத்துக்குத் தள்ளுபடி என்பது உயிர் காத்த உதவி. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் அந்த உதவி ஏன் சங்கத்தின் ஏட்டின் வழியாக வரவேண்டும்? பேரிடர் நிவாரணத்தை நேரடியாகக் கொடுத்திருந்தால், கடன் கடனாகவே இருந்திருக்கும். ஒழுங்காகக் கட்டியவர் ஏமாந்தவர் ஆகிறார். கட்டாதவர் புத்திசாலி ஆகிறார். அரசு தர ஒப்புக்கொண்ட தொகை சங்கத்துக்குத் தவணை தவணையாக வந்து சேர்கிறது. அரசின் பணம் அரசாலேயே தள்ளுபடி ஆனது என்றுதான் ஊர் நினைக்கிறது. அது பக்கத்து வீட்டுக் கிழவி சேர்த்து வைத்த வைப்புத் தொகையாக இருந்திருந்தால், தள்ளுபடி செய்யச் சொல்ல எந்தக் கட்சிக்கும் வாய் வந்திருக்காது.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஓர் ஊர் இருக்கிறது. இன்றைய தெலங்கானாவில், பழைய கரீம்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த முல்கனூரில், 1956-இல் விஸ்வநாத ரெட்டி என்பவரின் முயற்சியில் சுற்றிலும் உள்ள 14 ஊர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மழையை நம்பிய வறண்ட பூமி அது. உறுப்பினர்கள் சேமித்தே ஆகவேண்டும் என்ற விதியிலிருந்து சங்கம் பிறழவில்லை. கடன் கொடுத்ததோடு நிற்காமல், விளைந்த நெல்லையும் பருத்தியையும் சங்கமே வாங்கி, நெல்லை அரைத்து, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து விற்றது. விற்ற தொகையிலிருந்து கடன் கழிந்தது. ஆகவே கெடு நாளன்று வட்டிக்காரரைத் தேடி ஓடவேண்டிய தேவை அங்கே குறைந்தது. கடன் வசூலில் அந்தச் சங்கம் நாடறிந்த பெயர் பெற்றது. 1995-இல் ஆந்திர அரசு, அரசின் பங்கு மூலதனத்தை வாங்காத சங்கங்கள் பதிவாளரின் பிடிக்கு வெளியே தாமே தம்மை நடத்திக்கொள்ள வழிசெய்யும் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முல்கனூர்ப் பெண்கள் 2000-இல் தங்களுக்கென்று பால் கூட்டுறவு ஒன்றியத்தை ஆரம்பித்தார்கள். கர்நாடகம், ஒடிசா, மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதே வகைச் சட்டங்களைச் செய்தன. கூட்டுறவில் எல்லாருக்கும் முன்னால் அடியெடுத்து வைத்த தமிழ்நாடு அப்படி ஒரு சட்டம் செய்யவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சொந்தப் பணம் இருந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பதும் பிழை. நாட்டின் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள வைப்புத் தொகையில் பெரும்பகுதி கேரளத்தில் இருக்கிறது. அங்கே ஊர் மக்கள் தங்கள் ஓய்வூதியத்தையும் வளைகுடாப் பணத்தையும் சங்கத்தில்தான் போடுகிறார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில்தான், திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர்ச் சங்கத்தில் பல நூறு கோடி ரூபாய் அளவுக்குப் பேசப்பட்ட முறைகேடு 2021-இல் வெளிவந்து, முதியவர்கள் தங்கள் சேமிப்பைத் திரும்பப் பெற வரிசையில் நின்றார்கள். ஒரே கட்சி பல்லாண்டுகள் நிர்வாகத்தில் இருந்தது. தொடக்கச் சங்கங்களில் போடும் வைப்புக்கு, வங்கி வைப்புகளுக்கு உள்ள காப்பீடும் கிடையாது. பணம் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, கணக்கைக் கேட்கும் உரிமையும், கேட்பவரைக் கட்சிக்காரர் என்று முத்திரை குத்தாத சூழலும் வேண்டும் என்பதைக் கருவன்னூர் காட்டுகிறது.

ரைஃபைசனின் முறையை முழுமையாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜெர்மனிக்குப் போகவேண்டியதில்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஆரம்பித்த சுய உதவிக் குழுக்களின் அமைப்பைப் பாருங்கள். 20 பேருக்கு மேற்படாத பெண்கள்; பெரும்பாலும் ஒரே தெரு; முதலில் சேமிப்பு, பிறகு குழுவுக்குள்ளேயே உள்கடன், ஆறு மாதம் போனபின்தான் வங்கி; ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. என் அண்ணி ஊக்குநராக இருந்த குழுவின் கூட்டத்தை வாசலில் இருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் வருகை எழுதி, ஒவ்வொருவராகச் சேமிப்பை வைத்தபின் கடன் பேச்சு வரும். “மாடு வாங்கப்போறேன்னு போன தடவையும் சொன்னியே, மாடு எங்கடி?” என்று ஒருத்தி கேட்க, கேட்கப்பட்டவள் பதில் சொல்லமுடியாமல் தவித்து, பிறகு பையன் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டிவிட்டதை ஒப்புக்கொள்வாள். குழு அதையும் ஏற்றுக்கொண்டு, தவணையை மாற்றி எழுதும். நூற்றுக்கணக்கான விதிகள் உள்ள சட்டப் புத்தகத்தால் கேட்கமுடியாத கேள்வி அது. அந்தப் புத்தகத்தால் மன்னிக்க முடியாத காரணத்தையும் குழு மன்னித்துவிட்டது. நிலமில்லாத பெண்களும் காலனிப் பெண்களும் தங்கள் பெயரில் கணக்கு வைத்து, தாங்களே கையெழுத்திட்டுப் பணம் எடுத்தது இந்தக் குழுக்கள் வழியாகத்தான். அரசின் மானியமும் கட்சிக் கூட்டங்களுக்கு ஆள் திரட்டும் வேலையும் குழுக்களுக்குள் நுழைந்த இடங்களில், பழைய சங்கங்களுக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேர்வதையும் பார்க்கிறோம்.

மேல்மட்டத்தில் சட்டப் போராட்டங்கள் நடக்கத்தான் செய்கின்றன. கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கிய 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலச் சங்கங்களை நடத்துவது குறித்த அதன் பகுதியை, மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்ற காரணத்தால் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதே மாதம் மத்திய அரசில் கூட்டுறவுக்கென்று தனி அமைச்சகம் ஏற்பட்டது; ஊர்ச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் பணி நடக்கிறது. சென்னையா டெல்லியா என்ற இந்த இழுபறியில் எங்கள் ஊர் உறுப்பினருக்கு என்ன கிடைக்கும் என்று என்னால் காணமுடியவில்லை. கணினியில் ஏறினாலும் இரவல் பணம் இரவல் பணம்தான்.

அடுத்த முறை எங்கள் சங்கத்தில் பேரவைக் கூட்டம் நடக்கும்போது ஐந்தொகை அறிக்கையைக் கையில் வாங்கி, இரண்டு வரிகளை மட்டும் முதலில் பார்க்கவேண்டும் என்று ஊரில் சிலரோடு பேசி வைத்திருக்கிறோம். ஒன்று, மத்தியக் கூட்டுறவு வங்கிக்குச் சங்கம் தரவேண்டிய கடன். மற்றொன்று, உறுப்பினர்களின் வைப்புத் தொகை. அண்ணியின் குழுவும், அதே தெருவில் உள்ள இன்னும் சில குழுக்களும், இப்போது பக்கத்து ஊர் வங்கிக் கிளையில் போட்டுவரும் சேமிப்பில் ஒரு பகுதியைச் சங்கத்துக்கு மாற்றுவதற்குத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: பணம் போடுகிறவர்களுக்கும் ஓட்டு வேண்டும், கடன் மனு பேசும் நாளில் அவர்களில் ஒருவர் உள்ளே உட்காரவேண்டும். துணைவிதியில் அதற்கு இடமில்லை என்று சங்கத்தில் பதில் வந்தது. துணைவிதியைத் திருத்தப் பேரவையில் தீர்மானம் கொண்டுவரலாமே என்று அண்ணி கேட்டாள். அதை எழுதித் தரும்படி சொல்லியிருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறோம்.